தாங்கிக்கொள் என்னும் கட்டளை

முன்னாள் படைவீரர்களின் தீராத உடல்வலிக்கு, அவர்கள் அடக்கி வைத்திருக்கும் அழுகையையும் ஆத்திரத்தையும் வெளியே கொண்டுவருவதே சிகிச்சை என்று கருதும் ஒரு மருத்துவமுறையைப் பற்றி நண்பர்களிடம் பேசும்போதெல்லாம் இரண்டு விதமான சிரிப்பைச் சந்திக்கிறேன். முதலாவது, அறிவியல் அறிந்தவரின் சிரிப்பு. ‘முதுகெலும்புத் தட்டு பிதுங்கியவனை உட்காரவைத்து ஒப்பாரி பாடச் சொல்வார்களாக்கும்’ என்கிறது அது. இரண்டாவது, இலக்கியம் அறிந்தவரின் சிரிப்பு. இது நுட்பமானது, ஆகவே கூடுதல் கொடியது. ‘வாய்விட்டு அழுவதெல்லாம் நாடகம். உண்மையான துயரம் மௌனமாகத்தான் இருக்கும்’ என்கிறது அது. இவ்விரு சிரிப்புகளும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன என்பதும், அந்த இடம் ராணுவப் பயிற்சி மைதானம் என்பதும் என் கட்சி.

முதலில் தகவல்கள். அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மேற்கே ஒரு மருத்துவ மையம் உண்டு. மனநல மருத்துவர் பிராண்டன் யார்ன்ஸும் அவருடைய குழுவினரும் அங்கே நடத்திய ஒப்பீட்டாய்வு ஒன்று 2024 ஜூன் மாதம் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் 126 பேர். 60 முதல் 95 வயது வரையிலானவர்கள். சராசரி வயது ஏறத்தாழ 72. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆண்கள். வயதைக் கணக்கிட்டால் பெரும்பாலோர் வியட்நாம் போர்க்காலத் தலைமுறை என்பது விளங்கும். எல்லோருக்கும் தசை, எலும்பு சார்ந்த நாள்பட்ட வலி.

இவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 60 பேருக்கு, வலிக்கான உளவியல் சிகிச்சையில் இன்று செங்கோல் ஏந்தியிருக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை. 66 பேருக்கு, உணர்ச்சியை அறிந்து வெளிப்படுத்தும் சிகிச்சை. டெட்ராய்ட் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மார்க் லம்லியும் மருத்துவர் ஹவர்ட் ஷூபினரும் உருவாக்கிய முறை இது. இரு பிரிவுக்கும் ஒரு தனி அமர்வு, எட்டுக் குழு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஆக, காலமும் கவனிப்பும் சமம்.

முடிவில், வலி 30 சதவீதமாவது குறைந்தவர்கள் அறிதல்-நடத்தைப் பிரிவில் 17 சதவீதம். உணர்ச்சிச் சிகிச்சைப் பிரிவில் 63 சதவீதம். ஆறு மாதம் கழித்து அளந்தபோது முறையே 14, 41. இன்னொன்றும் தெரியவந்தது. மனச்சோர்வும் பதற்றமும் போரதிர்ச்சியின் அறிகுறிகளும் யாருக்கு அதிகமாக இருந்தனவோ, அவர்களுக்கே உணர்ச்சிச் சிகிச்சை கூடுதலாகப் பயன்பட்டது.

எண்களை வைத்துத் தேர் இழுக்க நான் வரவில்லை. ஆனால் சிரிப்பதற்கு முன் இந்த எண்களைக் கடந்துதான் ஆக வேண்டும்.

2

அறிவியல் அறிந்தவரின் சிரிப்பில் ஒளிந்திருக்கும் கருத்து எளிமையானது. வலி என்றால் எங்கோ ஒரு திசு கெட்டிருக்க வேண்டும். கெடவில்லையென்றால் வலி கற்பனை. இந்தக் கருத்தை மருத்துவ உலகமே எப்போதோ கைவிட்டுவிட்டது. நம் பொதுப்புத்திதான் கைவிடவில்லை.

வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வகுத்த வரையறையே வலியை ‘புலன் சார்ந்த, உணர்ச்சி சார்ந்த அனுபவம்’ என்றுதான் சொல்கிறது. 2020இல் வரையறையைத் திருத்தியபோதும் ‘உணர்ச்சி’ என்ற சொல்லை யாரும் நீக்கவில்லை. 1994இல் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லாத் தட்டுகளும் ஒழுங்காக இருந்தவர்கள் அவர்களில் 36 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் பிதுங்கிய தட்டுகளையோ தேய்ந்த தட்டுகளையோ வைத்துக்கொண்டு, அது தெரியாமலே, வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தார்கள். படத்தில் தெரிவதெல்லாம் வலிப்பதுமில்லை. வலிப்பதெல்லாம் படத்தில் தெரிவதுமில்லை. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் முதுகுவலிக்காரர்களின் மூளையை ஆராய்ந்தவர்கள் 2013இல் ஒன்றைக் காட்டினார்கள்: வலி நாள்பட நாள்பட, மூளையில் அதன் இருப்பிடம் புலனுணர்வுக்கான பகுதிகளிலிருந்து உணர்ச்சிக்கான பகுதிகளுக்கு இடம்பெயர்கிறது. வீடு மாறிவிட்ட விருந்தாளியைப் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இதை முதலில் கண்டவர்கள் போர் மருத்துவர்கள் என்பது தற்செயலன்று. 1944இல் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் கடுமையாகக் காயம்பட்ட படைவீரர்களிடம் ‘வலிக்கு மருந்து வேண்டுமா’ என்று கேட்டார். அவர் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். எலும்பு நொறுங்கியவர்கள், வயிறு கிழிந்தவர்கள். 1946இல் அதைக் கட்டுரையாக்கிய பீச்சரின் விளக்கம் காயத்தின் பொருளைப் பற்றியது. போர்க்களத்தில் காயம் என்பது வீடு திரும்ப ஒரு சீட்டு. சாவிலிருந்து விடுதலை. அதே அளவு காயம் நகரத்து மனிதருக்கு ஒரு பேரிடர். அவர் மார்ஃபின் கேட்பார்.

பீச்சர் கண்டதன் மறுபக்கத்தையே இன்று லாஸ் ஏஞ்சலிஸில் காண்கிறார்கள். காயம்பட்ட கணத்தில் பொருள் வலியைத் தணிக்குமென்றால், காயம் ஆறி ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் இன்னொரு பொருள், அதாவது சொல்லப்படாத ஒரு குற்றவுணர்வு, அழப்படாத ஒரு சாவு, வலியை எழுப்பக்கூடும் என்பதை ஏற்க நமக்கு ஏன் இத்தனை தயக்கம்? முதலாவதை வீரம் என்று மெச்சுகிறோம். இரண்டாவதை நடிப்பு என்று சந்தேகிக்கிறோம். அவ்வளவே.

3

அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் 65.6 சதவீதத்தினர் கடந்த மூன்று மாதங்களில் வலியை அனுபவித்ததாகச் சொன்னார்கள் என்கிறது 2017இல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு. கடும் வலி அவர்களில் 9.1 சதவீதத்தினருக்கு, படையில் சேராதவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு. இந்த வலியோடு அந்நாட்டு மருத்துவம் செய்தது என்ன?

1999இல் முன்னாள் படைவீரர் நலத்துறை வலியை ‘ஐந்தாவது உயிர்க்குறி’ என்று அறிவித்தது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உடல்வெப்பம், மூச்சு ஆகியவற்றைப் போல ஒவ்வொரு வருகையிலும் வலியும் அளக்கப்பட வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண் சொல்ல வேண்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு மனிதனின் வலியைப் பற்றிக் கேட்கப்படும் ஒரே கேள்வி ‘எத்தனை’ என்பதாக இருந்தால், பதிலும் ‘எத்தனை மில்லிகிராம்’ என்பதாகத்தான் இருக்கும். அபின் வகை வலிநீக்கிகள் ஆண்டுக்கணக்கில் வாரி வழங்கப்பட்டன. அதன் விளைவை அமெரிக்கா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2018இல் மினியாபொலிஸில் 240 முன்னாள் படைவீரர்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு, நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இந்த மருந்துகள் சாதாரண வலிநீக்கிகளை விட மேலானவை அல்ல என்று காட்டியது. அன்றாட இயக்கத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. வலியின் அளவிலோ, சாதாரண மருந்து எடுத்தவர்களே சற்று நன்றாக இருந்தார்கள்.

மாத்திரை தோற்றபின் உளவியல் அழைக்கப்பட்டது. வந்தது அறிதல்-நடத்தைச் சிகிச்சை. அது கெட்ட சிகிச்சை அல்ல. அதனால் நிம்மதி பெற்றவர்கள் உண்டு. ஆனால் அதன் பயன் எவ்வளவு? 2020இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு 75 ஆய்வுகளை, 9401 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்துச் சொன்னது: நாள்பட்ட வலிக்கு அதன் பயன் சிறிது, அல்லது மிகச் சிறிது. இருந்தும் அது முதலிடத்தில் நீடிக்கிறது.

ஏன் நீடிக்கிறது என்பதே என் கேள்வி. அச்சிகிச்சை வலிக்காரரிடம் சொல்வதைச் சுருக்கினால் இப்படி இருக்கும்: வலி முற்றிலும் போகாமலிருக்கலாம், அதைக் கையாளப் பழகுங்கள். வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். ஓய்வை நேரம் குறித்து எடுங்கள். தசைகளைத் தளர்த்துங்கள். ‘இது என்னைக் கொன்றுவிடும்’ என்ற எண்ணம் வந்தால் அதைப் பிடித்து நிறுத்தி, சமநிலையான வேறோர் எண்ணத்தால் மாற்றுங்கள். வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டு வாருங்கள்.

இதில் தவறாக எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் யார்? பதினெட்டு வயதில் தலைமுடி மழிக்கப்பட்டு, பெயர் சுருக்கப்பட்டு, அச்சத்தை அடக்கு, அழுகையை விழுங்கு, அட்டவணைப்படி நட, உடலின் முறையீட்டைப் பொருட்படுத்தாதே என்று பழக்கப்பட்டவர். அந்தப் பயிற்சியில் முதல் மாணாக்கராகத் தேறியவர். அவருக்கு இந்தச் சிகிச்சை புதிதாக எதைக் கற்றுத்தர முடியும்? அவர் ஏற்கெனவே அறிந்த ஒரே கலையை, தாங்கிக்கொள்ளும் கலையை, இன்னும் மென்மையான குரலில் மறுபடியும் கற்றுத்தருகிறது. கட்டளையிட்டவரின் உடுப்பு மாறியிருக்கிறது. கட்டளை மாறவில்லை.

இதனால்தான் அந்தச் சிகிச்சை நிர்வாகத்துக்கு உகந்ததாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கையேட்டில் அடங்கும். படிவத்தில் பதியும். யாரும் சத்தம் போடமாட்டார்கள்.

4

மற்ற அறையில் நடப்பது வேறு. முதல் தனி அமர்வில் நோயாளியின் வாழ்க்கைக் கதையையும் வலியின் கதையையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். வலி எப்போது தொடங்கியது, எப்போது கூடியது, அப்போது வாழ்வில் என்ன நடந்தது. வலி உண்மையானது என்பது முதலில் உறுதிசெய்யப்படுகிறது. ஆனால் உண்மையான வலியை மூளையும் கிளப்பக்கூடும் என்பது விளக்கப்படுகிறது. பிறகு குழு. அங்கே ஒருவர் தன்னை வதைக்கும் ஒரு நினைவையோ உறவையோ எடுத்துக்கொள்கிறார். சம்பந்தப்பட்ட மனிதர் எதிரே இருப்பதாக எண்ணி அவரிடம் நேராகப் பேசுகிறார். ‘எனக்குக் கோபம்’ என்று தகவல் தெரிவிப்பது போதாது. குரலிலும் கையிலும் தோளிலும் கோபம் வர வேண்டும். கோபம் வடிந்தபின் அதன் அடியில் இருப்பது வரும்: குற்றவுணர்வு, துக்கம், சில வேளை அன்பு. யாரிடமும் சொல்லாத இரகசியங்கள் சொல்லப்படும். பிறகு, வெளியே உள்ள உண்மையான மனிதர்களிடம் எதைச் சொல்வது, எங்கே விலகி நிற்பது என்பதையும் பழகுகிறார்கள்.

எழுபது வயதுக் கிழவர்கள் பிற எழுபது வயதுக் கிழவர்களின் முன்னிலையில் இதைச் செய்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். படையணியில் ஒருவன் உடைந்து அழுவது மற்றவர்களுக்கு ஆபத்து. இங்கே ஒருவர் அழுவது மற்றவருக்கு அனுமதி. ஒரு குழுவாகக் கற்ற மௌனத்தை ஒரு குழுவாகத்தான் கலைக்க முடியும்.

இது நேற்று முளைத்த கண்டுபிடிப்பல்ல. நூறாண்டுக்கு முன்பே இதைச் சொன்ன ஒருவரை நம் நிலத்துக்கும் தெரியும். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோதவர்களிடையே தங்கி ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். நம்மில் மானுடவியல் படித்தவர்கள் அவரை அப்படித்தான் அறிவார்கள். அவர் வலியையும் ஆராய்ந்தவர். 1903இல் நரம்பியலாளர் ஹென்றி ஹெட் தன் முன்கை நரம்பைத் தானே அறுக்கச் செய்தார். உணர்வு எப்படித் திரும்புகிறது என்று ஆண்டுக்கணக்கில் கேம்பிரிட்ஜில் சோதித்துக் குறித்தவர் ரிவர்ஸ். முதல் உலகப்போர் வந்தது. 1916இல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கர்ட் ராணுவ மருத்துவமனையில், குண்டதிர்ச்சியால் நிலைகுலைந்த அதிகாரிகளுக்கு மருத்துவரானார்.

அவரிடம் வந்தவர்களுக்கு உறவினரும் மருத்துவரும் சொல்லியனுப்பிய அறிவுரை ஒன்றே: மறந்துவிடு, அதை நினைக்காதே. 1917 டிசம்பரில் லண்டனில் ஆற்றி, 1918இல் ‘லான்செட்’ இதழில் வெளியான உரையில் ரிவர்ஸ் அந்த அறிவுரையே நோயை வளர்க்கிறது என்று வாதிட்டார். நினைவை ஒடுக்காமல் அதை எதிர்கொள்ள வேண்டும், பேச வேண்டும் என்றார். அவ்வுரையின் நேர்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. நண்பனின் சிதறிய உடலைக் கண்ட அதிகாரி ஒருவரிடம், அந்தச் சிதைவே அவன் வலியறியாமல் கணத்தில் இறந்ததற்குச் சான்று என்று ரிவர்ஸ் காட்டினார், அவர் தேறினார். ஆனால் அழுகிய பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்த இன்னொருவரின் நினைவில் பற்றிக்கொள்ள எதுவுமே இல்லை. அந்த இடத்தில் தன் முறை பயனளிக்கவில்லை என்பதையும் ரிவர்ஸ் பதிவுசெய்தார்.

அதே காலத்தில் லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் லூயிஸ் யீலாண்ட் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். பேச்சிழந்த சாதாரணச் சிப்பாய் ஒருவரை இருட்டறையில் வைத்துக் கதவைப் பூட்டி, பேசும்வரை வெளியே போக முடியாது என்று சொல்லி, தொண்டையில் மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ச்சினார். சிப்பாய் பேசினார். 1918இல் யீலாண்ட் இதை வெற்றியாகவே நூலில் எழுதினார். அதிகாரிக்குச் சாய்வு நாற்காலியும் உரையாடலும், சிப்பாய்க்கு மின்சாரம். யாருக்கு உணர்ச்சி இருக்க அனுமதி உண்டு என்பதில் வர்க்கமும் இருந்தது. இன்று ஓய்வூதியத்தில் வாழும் ஒரு கிழச்சிப்பாய்க்கு அந்த உரையாடல் நாற்காலி கிடைப்பதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம் என்றால், யார் பக்கம் நின்று சிரிக்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

5

இப்போது இலக்கியம் அறிந்தவரின் சிரிப்புக்கு வருகிறேன். நம் மொழியில் ‘வலி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். குறளில் ‘வலியறிதல்’ என்றொரு அதிகாரம் உண்டு. அது நோவை அறிவதைப் பற்றியதன்று, வலிமையை அறிவதைப் பற்றியது. நோவும் வலிமையும் ஒரே சொல்லில் குடியிருக்கும் மொழியில், நோவைத் தாங்குவதே வலிமை என்று எண்ணுவது எளிது. மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் இழிவு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் அந்த நாணத்தில் வடக்கிருந்து உயிர்விட்டான். புண் கொல்லவில்லை, புண்ணின் பொருள் கொன்றது. பீச்சருக்கு இரண்டாயிரம் ஆண்டு முன்பே நமக்கு இது தெரியும். ஆனால் நாம் அதைப் புகழ்ந்தோம்.

அதே புறநானூற்றில் அரிசில்கிழாரின் பாடல் ஒன்று இருக்கிறது. புண்பட்டுக் கிடப்பவனைக் காக்கப் பெண்கள் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, காஞ்சிப்பண் பாட முனையும் காட்சி. மருந்து போதாது, பாட்டும் வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. நம் விமர்சன மரபு முதல் மரபை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது. அழுத்தமான மௌனம், உறைந்த துயரம், சொல்லாமல் சொல்லுதல் என்று நாம் அடுக்கும் பாராட்டுரைகளை நினைத்துப் பாருங்கள். எழுத்தில் அடக்கம் ஓர் அழகியல் தேர்வு. எழுதுபவர் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டு, வேண்டாததை வெட்டிவிட்டு அடைவது அது. மனிதனிடம் உள்ள மௌனம் அப்படியல்ல. அது பல சமயம் பிறர் திணித்தது. முன்னதற்கு உரிய மதிப்பெண்ணைப் பின்னதற்குப் போடுவது ரசனை அல்ல, குரூரம்.

6

மறுப்புகள் மூன்று. மூன்றையும் மதிக்கிறேன்.

ஒன்று: இது நோயாளியின் மேல் பழிபோடுவதில் முடியாதா? ‘உன் வலிக்கு நீ அடக்கிய கோபமே காரணம்’ என்பதற்கும் ‘எல்லாம் உன் நினைப்பு’ என்பதற்கும் எவ்வளவு தூரம்? அச்சம் நியாயமானது. அதுவும் ஒரு மனிதனின் சேதத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாக அளந்து இழப்பீட்டுத் தொகை நிர்ணயிக்கும் நாட்டில், தன் வலிக்கு உணர்ச்சியோடு தொடர்புண்டு என்று ஒத்துக்கொள்ள ஒரு படைவீரர் அஞ்சினால் வியப்பில்லை. ஆனால் அடக்கியவர் யார் என்று கேளுங்கள். அடக்கக் கற்றுத்தந்தது அரசு. அதற்காகவே சம்பளம் கொடுத்தது. பதக்கமும் கொடுத்தது. ஆகவே பழி நோயாளியின் மேல் விழுவதில்லை; பயிற்றுவித்தவர் மேல்தான் விழுகிறது. உணர்ச்சியோடு தொடர்புடைய வலி குறைந்த மதிப்புள்ள வலி என்று எண்ணுபவருக்கே அந்த ஒப்புதல் இழப்பாகத் தெரியும். அது பணிக்காயமேதான்.

இரண்டு: இது அரசியலை மழுங்கடிக்கிறது. போரைக் கேள்வி கேட்பதற்குப் பதில், போரிட்டவரை ஓர் அறைக்குள் அழவைத்து அமைதிப்படுத்துகிறது. என் இடதுசாரி நண்பர்கள் சொல்வது இது; வரலாற்றில் இதற்குச் சான்று உண்டு. ரிவர்ஸின் வேலை அதிகாரிகளைக் குணப்படுத்தி மீண்டும் போருக்கு அனுப்புவது. போருக்கு எதிராகப் பகிரங்கமாக அறிக்கை விட்ட கவிஞர் சீக்ஃபிரைட் சசூன் அவரிடம் சிகிச்சை பெற்றபின் பணிக்குத் திரும்பினார். அதே மருத்துவமனையில் வேறொரு மருத்துவரிடம் இருந்த வில்ஃப்ரெட் ஓவனும் திரும்பினார். 1918 நவம்பர் 4 அன்று, போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், கொல்லப்பட்டார். பேசவைக்கும் மருத்துவம் கொலைக்களத்துக்கு ஆள் அனுப்பியதும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எதிர்ச்சான்றும் உண்டு. 1970இல் நியூயார்க்கில் போருக்கு எதிரான வியட்நாம் படைவீரர்கள் தாங்களே கூடி, தாங்கள் கண்டதையும் செய்ததையும் பேசும் வட்டங்களைத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், சைம் ஷாட்டன் என்ற இரு மனநல மருத்துவர்கள் அவற்றில் உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே அழுதவர்களே தெருவில் இறங்கிப் போரை எதிர்த்தவர்களும். அந்தப் பேச்சிலிருந்து கிளம்பிய அழுத்தமும் சேர்ந்தே, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் போரதிர்ச்சியை இடம்பெறச் செய்தது. துக்கம் அரசியலை மழுங்கடிக்கவில்லை. துக்கப்பட அனுமதிக்கப்பட்ட பிறகே அவர்களால் கோபத்தின் சரியான முகவரியைக் கண்டுபிடிக்க முடிந்தது. உணர்ச்சியைத் தனியறையில் பூட்டினால் அது மழுங்கடிப்பு. மருந்தாக்கிவிட்டு அந்தக் கோபம் எதைப் பற்றியது என்று கேட்காமல் விட்டால் அதுவும் மழுங்கடிப்பு. அதற்கான தீர்வு உணர்ச்சியை மறுப்பதல்ல, கதவைத் திறப்பது.

மூன்று: சான்று போதுமா? போதாது. 126 பேர், ஒரே மையம், பெரும்பாலும் வயதான ஆண்கள். 63 சதவீதம் ஆறு மாதத்தில் 41 ஆக இறங்கியிருக்கிறது. 2017இல் 230 ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வலி பாதியாகக் குறைந்தவர்கள் உணர்ச்சிச் சிகிச்சையில் 22.5 சதவீதம், அறிதல்-நடத்தைச் சிகிச்சையில் 8.3 சதவீதம் என்று வேறுபாடு இருந்தாலும், சராசரி வலியளவில் உணர்ச்சிச் சிகிச்சை வென்றுவிடவில்லை. புற்றுக்கட்டிக்கும் முறிந்த எலும்புக்கும் கண்ணீர் மருந்தல்ல. அப்படிச் சொல்பவர் போலி. முதலில் உடலைச் சோதிக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. என் வாதம் இந்தச் சிகிச்சையைச் சர்வரோக நிவாரணியாக்குவதல்ல. குறைந்த பயனே உள்ளதாகத் தெரிந்த ஒன்றுக்குச் செங்கோலைக் கொடுத்துவிட்டு, நம்பிக்கை தரும் ஒன்றை வாசலில் நிறுத்திச் சிரிப்பது அறிவியல் மனப்பான்மை அல்ல என்பதுதான். இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும் என்று கேட்பவர் என் கட்சிக்காரரே. சிரிப்பவர் அல்லர்.

7

மனிதர்கள் எதைத் தாங்குகிறார்கள் என்பதை வைத்து அவர்களை மதிக்கும் வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. படைவீரனிடம் மட்டுமல்ல, பிரசவ அறையிலும் சாவு வீட்டிலும் அதையேதான் எதிர்பார்க்கிறோம். தாங்குபவருக்கு மாலை போடுவதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. அவர் வாய் திறக்காதவரை, அவர் மேல் அந்தச் சுமையை ஏற்றியது யார் என்ற கேள்வி எழுவதில்லை.

மேற்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கிழவர் காலியான நாற்காலியைப் பார்த்து, ஐம்பது ஆண்டுக்கு முன் தனக்குக் கட்டளையிட்ட யாரையோ நோக்கிக் கத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் அவருடைய முதுகு சற்றே இளகுகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் முதல்முறையாகக் கட்டளையை மீறியிருக்கிறார். அவருடைய துயரம் தரமான துயரமா, சற்றே மிகையா என்று அளக்கும் வேலையை இலக்கியம் படித்தவர்களாகிய நாம் ஒருமுறையாவது ஒத்திவைக்கலாம். அவர் சொல்லி முடிக்கட்டும்.